120 சதவீத ஆள்

எல்லா ப்ராஜெக்டுகளையும் ஒரே இடத்தில் காட்டும் போர்ட்ஃபோலியோ மென்பொருள் வாங்கலாமா என்ற பேச்சு வந்ததுமே ஐ.டி. பிரிவில் எல்லோரும் கேட்பது டேஷ்போர்டைத்தான். விற்க வருபவரும் முதலில் அதைத்தான் காட்டுவார்: பச்சை, மஞ்சள், சிவப்பு. இந்த மென்பொருளோடு பல வருடமாகக் குடித்தனம் நடத்தும் எனக்கு அந்தத் திரையில் நம்பிக்கை குறைவு. வெளியே பச்சை, உள்ளே சிவப்பு என்றிருக்கும் ப்ராஜெக்டுக்குத் தர்ப்பூசணி என்று எங்கள் தொழிலிலேயே பட்டப்பெயர் உண்டு. நிறம் போடுபவர் ப்ராஜெக்ட் மேனேஜர். அவருக்கும் அப்ரைசல் வருமே.

நான் முதலில் திறப்பது ஆட்களின் நேரம் காட்டும் திரையை. டேட்டாபேஸ் பார்ப்பவர் ஒருவர், ஆறு ப்ராஜெக்டுகளில் இருப்பார், ஒவ்வொன்றிலும் 20 சதவீதம். கூட்டினால் 120. ராத்திரி சர்வர் படுத்துவிட்டால் எழுந்து பார்ப்பது இந்தக் கணக்கிலேயே வராது. ஆறு மேனேஜர்களும் தனித்தனியே சொல்வது நியாயம்தான். சேர்த்து வைத்தால்தான் இடிக்கும். ஆறும் ஆறு எக்செல் கோப்புகளில் கிடக்கும்வரை யார் கண்ணிலும் படாது. மென்பொருளுக்குக் கொடுத்த காசு இந்தக் கூட்டலுக்கே தகும்.

கணினித் திட்டங்களின் அபாயத்தை ஒவ்வொன்றாக மட்டுமின்றி மொத்தமாகவும் எடைபோட வேண்டும் என்று வாரன் மெக்ஃபார்லன் 1981-லேயே ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிவிட்டார். முதலீட்டு உலகத்துச் சிந்தனை. ஆனால் பங்கு பிடிக்கவில்லை என்றால் விற்றுவிடலாம். பாதியில் நிற்கும் ப்ராஜெக்டை வாங்க யார் வருவார்?

மென்பொருளில் ப்ராஜெக்டுகளின் முன்னுரிமைக்கு மதிப்பெண் போடும் பகுதியும் உண்டு. எந்தப் பதிலுக்கு எத்தனை மார்க் என்று ப்ராஜெக்ட் கேட்டு வரும் ஸ்பான்சர்கள் சீக்கிரமே கற்றுக்கொள்வார்கள். ‘சட்டப்படி கட்டாயம்’ என்று டிக் அடித்தால் வரிசையில் முன்னால் போகலாம் என்பதும் தெரிந்துவிடும். எந்த அறிவிப்பு, என்ன தேதி என்று நான் கேட்பேன். ஜி.எஸ்.டி. இ-இன்வாய்ஸுக்குத் தேதி இருந்தது: 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2020 அக்டோபர் 1, 100 கோடிக்கு மேல் என்றால் 2021 ஜனவரி 1. தேதி சொல்ல முடியாத கட்டாயம் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய ஆசை.

எந்த ப்ராஜெக்ட் ஓடலாம் என்று முடிவு செய்யும் கமிட்டியில் நான் எடுத்து வைக்கும் கணக்கு ஒன்றே ஒன்று. ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதி அது. மாதத்துக்கு இரண்டு ப்ராஜெக்ட் முடிகிற இடத்தில் கையில் 24 இருந்தால், ஒன்று முடிய சராசரியாக 12 மாதம். அதே வேகத்தில் 12 மட்டும் இருந்தால் ஆறு மாதம். எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்தவர் ப்ராஜெக்டை நிறுத்தச் சொல்வார்கள்.

நிறுத்தவும் மனமில்லாமல் ‘ஆன் ஹோல்ட்’ போட்டுவிட்டுப் போவது வழக்கம். ஹோல்டில் இருக்கும் ப்ராஜெக்ட் ஆட்களைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும். அதனால் ஹோல்ட் போட்ட நொடியே அதிலுள்ள பெயர்கள் விடுபடும்படி செட்டிங்கை மாற்றினேன். பிறகு ஹோல்ட் கேட்டு வருவது குறைந்தது. சிலர் மூடிவிடலாம் என்று அவர்களாகவே சொல்லிவிட்டார்கள்.