நயாகரா ஆற்றோரம் ஒருநாள் சைக்கிள் பயணம்

ஊரில் சைக்கிள் இல்லாத வீடு குறைவு. 1990களில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் நோயாளி முதல் விறகு வரை அதில்தான் ஏற்றினோம். ஆனால் இங்கு வளரும் நம் பிள்ளைகளில் பலர் பூங்காவைச் சுற்றி ஓடியதோடு சரி. அவர்களை ஒரு நெடும்பயணம் கூட்டிச்செல்ல ஏற்ற பாதை ஒன்று நயாகரா ஆற்றோரம் இருக்கிறது.

தெற்கே ஈரி ஏரிக்கரையிலுள்ள போர்ட் ஈரியிலிருந்து வடக்கே ஒன்ராறியோ ஏரிக்கரையிலுள்ள நயாகரா ஒன் த லேக் வரை 50 கிலோமீற்றருக்குச் சற்று மேல். தார் போட்ட பாதை. ஈரி ஏரி மற்ற ஏரியிலும் பார்க்க ஏறத்தாழ 99 மீற்றர் உயரத்தில் இருப்பதால், ஆறு ஓடும் திசையிலேயே போவது சுகம். ஒரு காரை முன்கூட்டியே வடக்கு முனையில் விட்டுவிட வேண்டும்.

இனி நேரக் கணக்கு. கூட்டத்தில் மிக மெதுவாக ஓடும் பிள்ளையின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். மணிக்கு 12 கிலோமீற்றர் என்று வைத்தால் ஓடுவதற்கு மட்டும் நாலரை மணித்தியாலம். மணிக்கொரு தரம் தண்ணீர் குடித்து இளைப்பாற, நீர்வீழ்ச்சியில் சாப்பிட, காற்றுப்போன ரயரை மாற்ற என்று இன்னும் இரண்டரை மணித்தியாலம் சேருங்கள். காலை 9 மணிக்குப் புறப்பட்டால் மாலை 4 மணிக்குப் போய்ச்சேரலாம். முதல் மணித்தியாலத்தில் பெரியவர்கள் ஒருவரும் முந்தி ஓடக்கூடாது. அந்த உற்சாகத்துக்குப் பின்னேரம் பிள்ளைகளின் கால்கள்தான் விலைகொடுக்கும்.

நீர்வீழ்ச்சி ஏறத்தாழ 30 கிலோமீற்றரில் வரும். அங்கே நண்பகலுக்குள் போய்ச்சேர வேண்டும். 2 மணியாகிவிட்டால் அன்றைய பயணத்தை அங்கேயே முடித்துக்கொள்வது புத்தி. ஜூனில் இரவு 9 மணிவரை வெளிச்சம் இருக்கும்; செப்டெம்பர் முடிவில் 7 மணிக்கே பொழுது பட்டுவிடும்.

நீர்வீழ்ச்சியருகே சனநெரிசல் அதிகம், சைக்கிளை உருட்டிச்செல்லுங்கள். குயின்ஸ்ரனில் செங்குத்தான இறக்கம் உண்டு. சிறுவர்கள் அங்கும் இறங்கி நடக்கட்டும். 18 வயதுக்குட்பட்டோர் தலைக்கவசம் அணிவது ஒன்ராறியோவில் 1995 முதல் சட்டம். பெரியவர்களும் அணிந்தால் பிள்ளைகளிடம் வற்புறுத்தத் தேவையிராது.

கடைசியில் ஏரிக்கரையில் அமருங்கள். வானம் தெளிந்திருந்தால் தண்ணீருக்கப்பால் ரொறன்ரோவின் உயர்ந்த கட்டடங்கள் தெரியும். அவ்வளவு தூரம் தங்கள் காலாலேயே வந்ததைப் பிள்ளைகள் நெடுநாள் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.