வெட்டாமல் இருந்த மயில்கள்

காலை ஆறு மணிக்கு ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து ஊரை எழுப்புவது என் வேலை. நேயர் ஒருவர் அழைத்து "நல்லா இருக்கேன்" என்றால், குரலை வைத்தே நல்லா இருக்கிறாரா இல்லையா என்று சொல்லிவிடுவேன். ஆனால் என் வீட்டிலேயே அம்மா சொன்ன ஒரு பொய்யைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

"இப்போ யாரு பாப்பா கார்டு பார்க்கிறாங்க? எல்லாம் வாட்ஸ்அப்தான். அதான் விட்டுட்டேன்."

இதுதான் அந்தப் பொய்.

அம்மா கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர். பள்ளியில் அவருக்கு 'மணிலா அட்டை டீச்சர்' என்று பெயர். வகுப்பறைச் சுவரில் இருக்கும் எழுத்து, படம், பொங்கல் பானை எல்லாம் அவர் கத்தரிக்கோலிலிருந்து பிறந்தவை. பணி ஓய்வுக்குப் பிறகும் ஒவ்வொரு தீபாவளிக்கும் அறுபது வாழ்த்து அட்டைகளாவது செய்து முன்னாள் மாணவர்களுக்கு அஞ்சலில் அனுப்புவார். ஜொகூரில் லாரி ஓட்டுபவர், ஈப்போவில் ஆசிரியராக இருப்பவர், கோலாலம்பூரில் கணக்காய்வாளர் என்று எல்லாருடைய முகவரியும் ஒரு நீல நோட்டில் இருக்கும்.

அந்த அட்டைகளின் சிறப்பு அம்மாவின் சாப்புகள். கடையில் வாங்கியவை அல்ல. பெரிய அழிப்பான்களைச் சிறு கத்தியால் செதுக்கித் தாமரை, குத்துவிளக்கு, மயில் என்று அவரே செய்தவை. மையில் ஒற்றித் தடித்த தாளில் பதித்து, படத்தின் ஓரம் பிசகாமல் வெட்டி, பின்னால் நுரைநாடா ஒட்டி அட்டையில் வைப்பார். மயில் தாளை விட்டு எழுந்து நிற்பதுபோல் இருக்கும்.

பிறகு அட்டைகள் நின்றன. நானும் அவர் சொன்ன காரணத்தை நம்பினேன்.

சென்ற செப்டம்பரில் காப்புறுதிப் பத்திரம் ஒன்றைத் தேடி அம்மாவின் அலமாரியைத் திறந்தேன். ஒரு பிஸ்கட் டின். உள்ளே மயில்கள். எல்லாம் பதித்து, மை காய்ந்து, வெட்டாமல் கிடந்தன. எண்ணிப் பார்த்தேன், 43. அவற்றுக்கு அடியில் மூன்று மயில்களை மட்டும் வெட்ட முயன்றிருந்தார். ஓரமெல்லாம் எலி கடித்ததுபோல் இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. வலது கட்டைவிரலின் அடிமூட்டில் தேய்மானம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நடுவயதைத் தாண்டிய பெண்களிடம் அதிகம் காணப்படுவதுதான். சாப்பை உள்ளங்கையால் அழுத்திவிடலாம். கத்தரிக்கோலுக்குக் கட்டைவிரல் வேண்டும். அம்மாவால் பதிக்க முடிந்தது, வெட்ட முடியவில்லை. மயில் சாப்பும் நடுவில் விரிசல் விட்டுப் போயிருந்தது. இன்னொன்றைச் செதுக்க அந்தக் கை இனி ஒத்துழைக்காது. ஆக, உலகத்தில் அந்த மயில்கள் 43தான்.

டின்னை மூடிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் வெளியே வந்தேன். அன்றிரவே கைத்தொலைபேசியில் 'தாள் வெட்டும் இயந்திரம்' என்று தேட ஆரம்பித்தேன்.

அவசரத்தில் செய்தது முதல் தவறு. மலிவாகக் கிடைத்தது என்று யாரோ பயன்படுத்திய சிறிய இயந்திரம் ஒன்றை வாங்கி வந்து மேசையில் வைத்தேன். ரோஜா வெட்டியது, பட்டாம்பூச்சி வெட்டியது. இழைபோன்ற மீசையைக்கூட அழகாக வெட்டியது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அதோட பட்டாம்பூச்சி. என் மயிலை வெட்டுமா?"

டின்னை நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. வெட்டும் என்றேன். மயிலைப் படமெடுத்து, மென்பொருளில் உருவம் வரைந்து, தாளைக் குத்துமதிப்பாக வைத்து ஓடவிட்டேன். கத்தி முதல் மயிலின் கழுத்தில் போனது. இரண்டாவது மயிலுக்குத் தோகை பாதி போயிற்று. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டுகளைப் பொறுக்கி டின்னுக்குள் வைத்து மூடினார். மீதம் 41.

அதன் பிறகுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். எந்த இயந்திரம் சிறந்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, எங்கள் வீட்டு வேலை என்ன என்று கேட்டேன்.

இந்த இயந்திரங்களின் அடிப்படை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். லேசான பசை பூசிய பாய் ஒன்றில் தாளை ஒட்ட வேண்டும். உருளைகள் பாயை முன்னும் பின்னும் நகர்த்தும். சிறிய கத்தி இடமும் வலமும் ஓடும். இரண்டும் சேர்ந்தால் எந்த வளைவும் வரும். வேறுபாடு, எங்கே வெட்ட வேண்டும் என்று அந்தக் கத்திக்கு யார் சொல்கிறார்கள் என்பதில்தான்.

கையால் சுற்றும் வகையை முதலில் யோசித்தேன். சிஸ்ஸிக்ஸ் நிறுவனத்தின் பிக் ஷாட் போன்றவை. மின்சாரம், கணினி எதுவும் வேண்டாம். எஃகு அச்சைத் தாளின் மேல் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் அச்சின் வடிவம் அப்படியே வெட்டிவரும். கடையில் வாங்கும் சாப்புகளுக்குப் பொருத்தமான அச்சும் சேர்த்தே விற்கிறார்கள். ஆனால் அழிப்பானில் அம்மா செதுக்கிய மயிலுக்கு எந்த நிறுவனம் அச்சு செய்திருக்கும்? அதோடு கைப்பிடியைச் சுற்றுவதும் அதே கட்டைவிரலுக்குத்தான் வேலை.

அடுத்தது க்ரிகட். பலரும் முதலில் சொல்லும் பெயர் இதுதான். ஜாய் என்ற சிறிய வகை சுமார் 11 சென்டிமீட்டர் அகலம் வெட்டும். எக்ஸ்ப்ளோர், மேக்கர் வகைகள் சுமார் 30 சென்டிமீட்டர். மேக்கருக்குச் சுழலும் கத்தி பொருத்தித் துணியும் வெட்டலாம். படத்தை உங்கள் அச்சுப்பொறியில் அச்சிட்டால், அதைச் சுற்றியுள்ள அடையாளக் கோடுகளை இயந்திரம் படித்து ஓரத்தை வெட்டித் தரும். கணினியில் வரைபவர்களுக்கு நல்ல வசதி. கையால் பதித்த சாப்புக்கு அந்த அடையாளக் கோடு கிடையாது.

மென்பொருளையும் பார்க்க வேண்டும் என்று இங்கேதான் கற்றேன். 2021 மார்ச்சில் க்ரிகட் நிறுவனம், கட்டணம் செலுத்தாதவர்கள் மாதத்துக்கு 20 சொந்தப் படங்களைத்தான் பதிவேற்றலாம் என்று அறிவித்தது. பயனீட்டாளர்கள் கொதித்தெழுந்ததும் அதே மாதத்தில் திட்டத்தைக் கைவிட்டது. இயந்திரம் நம் மேசையில் இருந்தாலும் அதன் விதி வேறெங்கோ எழுதப்படலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது சிலவெட் நிறுவனத்தின் கேமியோ. அதன் மென்பொருளைக் கணினியில் ஏற்றிக்கொண்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யலாம். சொந்தமாக வடிவமைப்பவர்களுக்குப் பிடிக்கும். பதித்த படத்தை வெட்டவும் அதில் வழி உண்டு. பிக்ஸ்ஸ்கேன் என்ற தனிப் பாயில் தாளை வைத்துக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, அந்தப் படத்தைக் கணினியில் ஏற்றி, ஓரம் கண்டுபிடித்து அனுப்ப வேண்டும். நான் செய்துவிடுவேன். ஆனால் செய்ய வேண்டியவர் அம்மா. ஒவ்வொரு மயிலுக்கும் மகளைக் கூப்பிட வேண்டிய இயந்திரம் அவருக்கு உதவி ஆகாது, இன்னொரு நோயாகிவிடும்.

கடைசியில் பிரதர் நிறுவனத்தின் ஸ்கேன்என்கட். இதற்குள்ளேயே ஸ்கேனர் இருக்கிறது. பதித்த தாளைப் பாயில் ஒட்டி உள்ளே விட்டால் அதுவே பார்க்கும், தொடுதிரையில் காட்டும், ஓரத்தைக் கண்டுபிடித்து வெட்டும். கணினி வேண்டாம். விலைதான் நான் முதலில் வாங்கியதைப்போல் மூன்று மடங்குக்கு மேல்.

வீட்டில் ஸ்டிக்கரும் பிறந்தநாள் அலங்காரமும் செய்யப்போகிறவர்களுக்கு இவ்வளவு செலவு தேவையே இல்லை. எப்போதாவது பதிப்பவர்களுக்கு ஒரு எளிய வழியும் உண்டு. முதலில் வடிவத்தை வெட்டி எடுங்கள்; பாயில் மிஞ்சும் ஓட்டைத் தாளை வழிகாட்டியாக வைத்து, அந்த ஓட்டைக்குள் சாப்பைப் பதியுங்கள். எந்த மலிவு இயந்திரத்திலும் இது நடக்கும். எங்கள் மயில்களோ ஏற்கெனவே பதிந்துவிட்டவை.

இந்த முறை அம்மாவையும் கடைக்கு அழைத்துப் போனேன். இதை மட்டும் எல்லாரும் செய்யுங்கள்: உங்கள் தாளையும் உங்கள் படத்தையும் எடுத்துப் போய்க் கடையிலேயே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரரின் மாதிரித் தாளில் எல்லா இயந்திரமும் நன்றாகத்தான் வெட்டும். அம்மா மயிலைக் கொண்டுவரவில்லை. மூன்று தாமரைகளைத்தான் கைப்பையில் வைத்திருந்தார். "மயிலை நம்பி அனுப்ப இன்னும் காலம் வரல," என்றார்.

கறுப்பு மையில் பதித்த தாமரையை இயந்திரம் உடனே கண்டுகொண்டது. வெளிர்மஞ்சளில் பதித்தது அதற்குப் புலப்படவில்லை. கண் இருந்தாலும் அதற்குத் தெளிவான, இடைவெளி இல்லாத கோடு வேண்டும். மயில்கள் கருநீலத்தில் பதித்தவை என்று அம்மா மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். தொடுதிரையை இடதுகை விரலால் தட்டிப் பார்த்தவர், திரும்பி என்னிடம், "இதுக்கு என் கட்டைவிரல் வேணாம்," என்றார். அவ்வளவுதான், வாங்கிவிட்டோம்.

முதல் இரவு மயிலைத் தொடவில்லை. அதே தாளின் வெற்றுத் துண்டில் சின்னச் சதுரம் வெட்டிப் பார்த்தோம். மூலைகள் கிழிந்தன. நம் ஊர்க் காற்றின் ஈரத்தைத் தாள் குடித்துவிடுகிறது. ஈரம் குடித்த தாள் அறுபடுவதற்குப் பதில் இழுபடும். அழுத்தத்தைக் கூட்டலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அது பாயைத்தான் அறுக்கும். வேகத்தைக் குறைத்து, மெல்லிய அழுத்தத்தில் இரண்டு முறை வெட்டவிட்டதும் சதுரம் சுத்தமாக வந்தது. வெட்டியதை எடுக்கும்போது தாளை உரிக்கக் கூடாது, சுருண்டுவிடும். பாயைக் கவிழ்த்து, பாயைத்தான் தாளிலிருந்து வளைத்து உரிக்க வேண்டும்.

மறுநாள் முதல் மயில் உள்ளே போனது. அம்மா நாற்காலியில் உட்காரவே இல்லை. கத்தி கழுத்தைச் சுற்றி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்த மயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுத்தி வெள்ளை ஓரம் விட்டிருக்கே. சோம்பேறிப் பிள்ளைங்கதான் இப்படி வெட்டும்."

31 ஆண்டு ஆசிரியரல்லவா! திரையில் ஓரத்தின் அளவைக் குறைக்கும் பொத்தானை அவரே கண்டுபிடித்தார். அதன் பிறகு எனக்கு அங்கே வேலை இல்லை. நான்கு நாள்களில் 41 மயில்களில் 40 முழுதாக வெளிவந்தன. ஒன்றுக்கு மட்டும் கொண்டை போயிற்று. அதற்குப் பேனாவால் கொண்டை வரைந்து என்னிடம் நீட்டினார். "உனக்கு இதுவரைக்கும் நான் கார்டே அனுப்பினதில்லையே, பாப்பா."

அடுத்த சிக்கல் எழுத்தில் வந்தது. தங்கநிறத் தாளில் 'வாழ்த்துகள்' என்று வெட்ட வேண்டும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி தனித் துண்டு. ஓர் அட்டைக்கு மூன்று, 40 அட்டைக்கு 120 புள்ளிகள், ஒவ்வொன்றும் கடுகளவு. காற்றாடியைப் போட்டால் பறக்கிறது, தும்மினால் காணாமல் போகிறது. புள்ளியை எழுத்தோடு இணைத்து ஒரே துண்டாக வெட்டிவிடலாமே என்றேன்.

"புள்ளி எழுத்துக்கு மேல நிக்கணும். ஒட்டிக்கிட்டு இருந்தா அது புள்ளி இல்ல, கொண்டை."

எனவே சாமணத்தால் 120 புள்ளிகளை ஒட்டும் வேலை என்னுடையதாயிற்று. பாயிலிருந்து எடுப்பதற்கு முன்பே பசை குறைந்த ஒட்டுத்தாளை மேலே பதித்து எழுத்தையும் புள்ளியையும் சேர்த்துத் தூக்கலாம் என்ற உத்தி, 90 புள்ளிகளை ஒட்டி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

அஞ்சலகத்துக்குப் போகும் முந்தைய இரவு அம்மா அட்டைகளைத் தேர்வுத்தாள் போலத் திருத்தினார். ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தார்.

"ழ்-ல புள்ளி எங்க?"

மேசைக்கு அடியில், பாயின் ஓரத்தில், குப்பைத்தொட்டியில் எல்லாம் தேடினோம். இல்லை. இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம் என்றால் தங்கத்தாள் தீர்ந்துவிட்டது. 39 அட்டைகளை உறையிலிட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் நிறுத்தி வைத்தார். ஜொகூர் லாரி ஓட்டுநருக்குப் போக வேண்டியது அது.

மறுநாள் காலை, நிலையத்தில் செய்தி முடிந்து பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒலிவாங்கியைச் சரிசெய்யக் கையைத் தூக்கினேன். சட்டைக் கையில் ஏதோ மின்னியது. ஒரு தங்கப் புள்ளி.

படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் உடனே பதில் வந்தது.

"பத்திரமா கொண்டு வா. அஞ்சலகம் அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."