அவர் சிரிக்கவில்லை

எங்கள் ஊர் முசரவாக்கத்தில் என்னைத் தெரிந்தவர்களுக்கு ஒரு கதை தெரியும். சென்னை வி.ஜி.பி. கோல்டன் பீச் பூங்காவில் அசையாமல் நிற்கிற சிலை மனிதரை நான் சிரிக்க வைத்துவிட்டேன் என்பது அந்தக் கதை. டீக்கடையில் சொன்னேன். கல்யாண வீடுகளில் சொன்னேன். பெற்ற பிள்ளையிடமும் சொன்னேன். அது பொய். பொய்யைவிடப் பெரிய தப்பு ஒன்று அதற்கு அடியில் கிடக்கிறது. இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு உங்களுடையது.

நான் பட்டு நெசவாளி. குழித்தறி. எங்களுக்கு லீவு என்பது தறியில் ஏற்றிய ஒரு பாவு நூல் முடிந்து அடுத்த பாவு கைக்கு வரும் வரைக்கும்தான். அப்படித் தறி சும்மா கிடந்த ஒரு சமயத்தில் என் மனைவி கேட்டாள். "எங்கனா ஒரு நாள் போய்ட்டு வரலாமாங்க?"

அவள் அப்படிக் கேட்கிறவள் இல்லை. கோர்வைப் புடவையை ஒரு ஆள் தனியாக நெய்ய முடியாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடா மூன்று ஓட வேண்டும். என் கைக்கு எட்டாத பக்கத்துக் கரைக்கு அவள்தான் நாடா தள்ளுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஊடைக்கும் தள்ளுகிறாள். கூலி வாங்குகிற இடத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கும்.

கோல்டன் பீச் என்று இடத்தையும் அவளே சொன்னாள். ரேடியோவையும் கடிகாரத்தையும் தவணைக்குக் கொடுத்து எங்களைப் போன்ற வீடுகளுக்குள் நுழைந்தவர் வி.ஜி.பன்னீர்தாஸ். அவள் அம்மா வீட்டு ரேடியோவும் அந்தத் தவணையில் வந்ததுதான். ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் அவர் உண்டாக்கிய இடத்தைப் பழைய சினிமாக்களில்தான் பார்த்திருந்தாள். சென்னையைச் சுற்றிப் புதுசு புதுசாகப் பூங்காக்கள் வந்துவிட்டன. அவளுக்கு அதெல்லாம் வேண்டாம். அந்தப் பழைய இடத்தைப் பார்க்க வேண்டும், ராட்டினத்தில் ஏறி உச்சியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள்.

காஞ்சிபுரம் போய், பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். வாசலைத் தாண்டியதும் சிலை மனிதர் நின்றிருந்தார். ராஜா காலத்துக் காவலாளி வேஷம், தலைப்பாகை, முறுக்கு மீசை. லண்டன் அரண்மனைக் காவலர்களைப் பார்த்துவிட்டு வந்து 1990-களின் தொடக்கத்தில் இந்த வழக்கத்தை ஏற்படுத்தினார்கள் என்று சொல்வார்கள். சிரிக்க வைத்தால் பரிசு. தொடக் கூடாது. வருகிறவர்கள் கோணங்கி காட்டுவார்கள், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அவர் மணிக்கணக்காக நிற்பார்.

நானும் முதலில் கோணங்கிதான் காட்டினேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தலைக்கு ஏறியது. ஊரில் என் பேச்சுக்கு யாரும் கூட்டம் கூடிச் சிரித்ததில்லை. ஆடிக் காட்டினேன். பாடிக் காட்டினேன். அவர் அசையவில்லை. "வாங்க, ராட்டினத்துக்குப் போலாம்" என்று மனைவி கையைப் பிடித்தாள். உதறினேன். "இரு, இப்ப சிரிப்பான் பாரு" என்றேன். என்னைவிட வயதில் மூத்தவர் அவர். அவன் என்றேன்.

எத்தனை நேரம் போனதோ தெரியாது. கூட்டம் சலித்துக் கலையத் தொடங்கியது. தோற்றுப் போகிறோம் என்ற ஆத்திரத்தில் அவர் முகத்துக்கு அருகில் போய் இதைச் சொன்னேன். "இப்படி பொம்ம மாதிரி நின்னு சம்பாதிக்கிற காசுலதான் உன் பொண்டாட்டி புள்ளைங்க சோறு துன்றாங்களா? வெக்கமா இல்ல?"

யாரும் சிரிக்கவில்லை. தலைப்பாகைக்கு அடியிலிருந்து ஒரு வியர்வைக் கோடு அவர் கன்னத்தில் இறங்கி மீசைக்குள் போனது. அவர் துடைக்கவில்லை. கண் இமைக்கவில்லை. தொண்டை மட்டும் ஒரு முறை ஏறி இறங்கியது. நான் பார்த்தேன். என் மனைவியும் பார்த்தாள்.

அதன் பிறகு அவள் ராட்டினத்துக்கு வரவில்லை. வேண்டாம் என்றாள். நான் வற்புறுத்தவும் இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "மொதலாளி பொடவைய விரிச்சுப் போட்டு எல்லாரு எதிர்லயும் கொற சொல்லும்போது நீங்களும் இப்படித்தானங்க நிக்கறீங்க."

உண்மை. அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு புடவையில் கோர்வை சரியாக விழவில்லை என்று கூலியில் பிடித்தார்கள். தறிக்காரனுக்குத் திமிர் கூடிப்போச்சு என்று சொன்னதைப் பத்துப் பேருக்கு முன்னால் கேட்டுக்கொண்டு நின்றேன். வாய் திறந்தால் அடுத்த பாவு வராது என்ற பயம். அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். சாக்குக்காக இதைச் சொல்லவில்லை. வாய் திறக்க முடியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரியாத ஒருவன் அதைச் செய்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். எனக்குத் தெரியும். வாய் திறக்க முடியாத ஒருவர் எதிரில் கிடைத்தார். அதனால்தான் செய்தேன்.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகும் பவர்லூம் புடவையைக் கைத்தறி என்று விற்கிறார்களே, எங்கள் உழைப்புக்கு மரியாதை இல்லையா என்று கூட்டங்களில் கொதித்துப் பேசுகிறவன் நான். இன்னொருவர் உழைப்புக்கு நான் கொடுத்த மரியாதை இதுதான்.

மறுநாள் டீக்கடையில் "சிலை மனுசன் சிரிச்சாரா?" என்று கேட்டார்கள். "சிரிச்சிட்டான்" என்றேன். வாயில் வந்துவிட்டது. பரிசு எங்கே என்று யாரோ கேட்டதற்கு, பெருந்தன்மையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக இன்னொரு பொய்யும் சேர்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா மூலம் அது என் மனைவி காதுக்கும் போனது. நான் கூசிப் போகக் கூடாது என்று அவள் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. என் பொய்யை அவளும் சுமந்தாள்.

அதோடு நின்றிருந்தால் இதை எழுதியிருப்பேனா என்பது சந்தேகம். போன தீபாவளிக்குக் காஞ்சிபுரம் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் கரடி வேஷம் போட்டு ஒரு பையன் நின்றிருந்தான். என் மகன் அவன் வாலைப் பிடித்து இழுத்து, வாயில் வந்ததையெல்லாம் சொன்னான். அதட்டினேன். "நீ மட்டும் சிலை மனுசன சிரிக்க வெச்சியே" என்றான். என்னிடம் பதில் இல்லை.

அன்று ராத்திரி மனைவியையும் உட்கார வைத்துக்கொண்டு மகனிடம் நடந்ததைச் சொன்னேன். சொன்ன வார்த்தைகளையும் சொன்னேன். அவன் என்னைப் பார்க்காமல் அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னாள். "ராட்டினம் ஏறாம வந்தது எனக்கு மறந்தே போச்சு. அந்தாளு எச்சி முழுங்கினது மறக்கல."

அவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. பயம்தான் காரணம். நின்றுகொண்டிருக்கிறவர் முன்னால் போய்க் கேட்பதும் அநியாயம். பதில் பேசாமல் இருப்பது அவர் வேலை. அவர் வேலை முடித்து வேஷம் கலைத்து வெளியே வரும் வரை காத்திருக்க வேண்டும். வந்த பிறகு அவர் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்று போய்விட்டால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். தறியில் இருக்கிற பாவு முடிந்ததும் மகனைக் கூட்டிக்கொண்டு போகிறேன். என் மனைவி வருவாளா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.