கரிச்சானின் கறுப்பு

என் பறவைப் படங்களை மேடையில் பாராட்டிப் பேசிய ஒரு பெரிய மனிதர், "பணி ஓய்வு பெற்றவருக்கு இது நல்ல பொழுதுபோக்கு" என்றார். கூட்டம் கைதட்டியது. அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்று நண்பர்கள் பிறகு சமாதானம் சொன்னார்கள். எனக்கு அது சமாதானமாக இல்லை. ஆறுக்கு எட்டு அங்குலப் பலகையில் தினமும் ஒரு பறவையை எண்ணெய் வண்ணத்தில் தீட்டி முடிப்பது என்ன வேலை என்பதை, அந்த வேலையைச் செய்கிறவன்தான் சொல்லியாக வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

விடியும்போது திருநெல்வேலி நயினார்குளத்துக் கரையில் நிற்பேன். கையில் 2பி பென்சில், உள்ளங்கை அகல நோட்டு. அங்கே பறவையை முழுதாக வரைவதில்லை. உடம்பின் சாய்வு, தலை திரும்பிய கோணம், கால் எந்த இடத்தில் உடம்பைத் தாங்குகிறது, வெளிச்சம் எந்தப் பக்கம், ஆக வெளிச்சமான இடம் எது, ஆக இருண்ட இடம் எது. இவ்வளவுதான் குறிப்பு. நிறத்தை எழுத்தில் வைத்துக்கொள்வேன்: "முதுகு அல்ட்ராமரைன், வெள்ளை கொஞ்சம், வயிறு சியன்னா." வீட்டுக்கு வந்ததும் பலகை முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் எதிர்வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் வெயில் பட்டு, அந்த வெள்ளை வெளிச்சம் என் அறைக்குள் வந்து எல்லா நிறத்தையும் கெடுத்துவிடும். அதற்குள் ஈரத்தின்மேல் ஈரமாகவே படம் முடிய வேண்டும். மறுநாள் தொட்டால் விளிம்புகள் இறுகிப்போயிருக்கும். பறவையின் நெஞ்சுக்கும் பின்னாலிருக்கும் காற்றுக்கும் நடுவில் கோடு கிடையாது. அந்த இடம் கரைந்து நிற்க வேண்டும். காய்ந்த வண்ணத்தின்மேல் புதிதாகப் பூசி அதைக் கொண்டுவர முடியாது.

ஏன் தினமும் என்று கேட்கிறார்கள். ஒரு நாள் விட்டால் கை மறக்காது, கண் மறந்துவிடும். நேற்று பார்த்த நாமக்கோழியை இன்று நினைவிலிருந்து தீட்டினால், புத்தகத்து நாமக்கோழி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சிறிய படம் என்றால் சின்ன வேலை என்று இங்கே ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. டச்சு ஓவியர் கேரல் ஃபப்ரீஷியஸ் 1654-ல் தீட்டிய கோல்டுஃபிஞ்ச் குருவி 33.5-க்கு 22.8 செண்டிமீட்டர் பலகையில்தான் இருக்கிறது. அதுவும் எண்ணெய் வண்ணம். சங்கிலி போட்டு வளர்த்த குருவிதான், காட்டுப் பறவை இல்லை. ஆனாலும் அந்தக் கறுப்புச் சிறகின் நடுவில் இழுத்திருக்கும் ஒரு தடித்த மஞ்சளுக்குப் பக்கத்தில் கறுப்பு எப்படி உயிரோடு இருக்கிறது என்று அச்சுப் பிரதியில் பார்த்தாலே தெரியும். நம் ஊரிலும் முன்னோடி உண்டு. 1801-ல் சென்னைக்கு வந்த நீதிபதி ஒருவரின் மனைவி எலிசபெத் குவில்லிம், இங்கிருந்த பறவைகளை நூற்றுக்கும் மேற்பட்ட நீர்வண்ணப் படங்களாகத் தீட்டினார். 1807-ல் சென்னையிலேயே இறந்துபோனார். அமெரிக்காவின் பறவைகளை ஓவியர் ஆடுபன் அச்சிடத் தொடங்கியது 1827-ல். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் இந்த வேலை நடந்திருக்கிறது. படங்கள் இன்று கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. சென்னையில் ஓவியம் படித்து வெளியே வரும் பிள்ளைகளிடம் அவர் பெயரைச் சொன்னால் விழிக்கிறார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்த வேலையில் என்னை ஆட்டிவைத்தது மீன்கொத்தியின் நீலம் இல்லை, பச்சைக்கிளியின் பச்சையும் இல்லை. கரிச்சானின் கறுப்பு.

இரட்டைவால் குருவி என்று எல்லோருக்கும் தெரிந்த பறவைதான். எருமை முதுகிலும் மின்கம்பியிலும் உட்கார்ந்திருக்கும். கூட்டுப் பக்கம் வந்தால் பருந்தையே விரட்டிக் கொத்தும். அதைத் தீட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பாளையங்கோட்டையில் கடைகளுக்குப் போர்டு எழுதிய பெரியவர். எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. பகலில் மருந்துக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் எழுத்து; விடியற்காலையில் பறவை. கலைக்கல்லூரி வாசலை மிதித்தவர் இல்லை. ஓவிய ஆசிரியர் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு போன எனக்கு அவரிடம் முதலில் நடந்தது, என் பெட்டியிலிருந்த கறுப்பு ட்யூப் பரண்மேல் போனதுதான்.

"கரிச்சான் கறுப்புன்னு ஒனக்கு யாருல சொன்னா?" என்றார்.

"பாத்தாலே தெரியுதே அண்ணாச்சி."

"பாக்கலடே நீ. பேரக் கேட்டுட்டு வந்து பேசுத."

பழைய குடைத்துணி ஒரு துண்டையும் உதிர்ந்து கிடந்த கரிச்சான் வாலிறகு ஒன்றையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். துணி வெளிறிப்போய், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி கிடந்தது. இறகைக் கொஞ்சம் சாய்த்ததும் நீலம் ஓடியது, இன்னும் சாய்த்தால் பச்சை கலந்த நீலம், நிமிர்த்தினால் கன்னங்கரேல். இறகில் கறுப்பு மெலனின் துகள்களும் அவற்றின்மேல் மெல்லிய கெரட்டின் படலமும் இருப்பதால் வெளிச்சம் அப்படித் திரும்புகிறது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அண்ணாச்சிக்கு அந்த விவரம் தேவைப்படவில்லை. "வானத்த முதுகுல சொமந்துக்கிட்டு இருக்கு. அத எறக்கி வைக்காத" என்பார்.

அவர் சொன்ன பாடம் இதுதான். காலை ஏழு மணிக்கு, மேகமில்லாத வானத்துக்குக் கீழே, கம்பியில் இருக்கும் கரிச்சானில் நாலு கறுப்பு இருக்கும். தலையில் ஊதா சாயல். முதுகில் வானத்தின் நீலம். நிழலில் கிடக்கும் சாம்பல் கல்லைவிட அந்த முதுகு வெளிச்சமாக இருக்கும் நேரம் உண்டு. வயிற்றில் தரையின் நிறம். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண்ணின்மேல் பறக்கும் கரிச்சானுக்கு வயிறு செம்பழுப்பு. சிறகு வாலோடு சேரும் மடிப்பில் மட்டும்தான் உண்மையான இருட்டு. அந்த மடிப்பு ஒரு அரிசி அளவுகூட வராது. ஆக இருண்ட வண்ணத்தை அங்கே மட்டும்தான் வைக்க வேண்டும். உடம்பு முழுக்க அதைப் பூசியவன் பலகையில் ஓட்டை போட்டவன்.

ஆகவே கறுப்பைக் கலந்துதான் எடுக்க வேண்டும். அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் சேர்ந்தால் ஒரு கறுப்பு. நீலம் கூடினால் குளிரும், அம்பர் கூடினால் சூடேறும். விரிடியனும் அலிசரினும் சேர்ந்தால் இன்னொரு கறுப்பு. தலையின் ஊதாவுக்கு அது நன்றாக வரும். கலவையைப் பலகைக் கத்தியால் முழுதாகக் குழைத்துவிடக் கூடாது. பாதி கலந்த நிலையில் தூரிகையில் எடுத்தால், ஒரே இழுப்பில் நீலமும் பழுப்பும் தனித்தனியாகத் தெரியும். முதுகு அந்த இழுப்பில்தான் வரும். அலகின் ஓரத்தில் வாய் முடியும் இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி உண்டு. அதைக் கடைசியில் வைக்க வேண்டும், ஒரே தொடுதல். முதலிலேயே வைத்துவிட்டால் மற்ற எல்லா வெளிச்சமும் அதற்கு முன்னால் மங்கலாகத் தோன்றி, கை தானாக வெள்ளையைக் கூட்டிக்கொண்டே போகும்.

இதற்குப் பிறகும் ஒரு சங்கடம் உண்டு. கறுப்பு செத்துப்போகும். ஈரமாக இருக்கும்போது பளபளவென்று நிற்கும் முதுகு, ஒரு வாரத்தில் சாம்பல் பூத்து அடுப்புக்கரி மாதிரி ஆகிவிடும். அடியிலிருக்கும் அக்ரிலிக் ப்ரைமர் எண்ணெயை உறிஞ்சிக்கொள்வதுதான் காரணம். அம்பர் கலந்த கறுப்பில் இது அதிகம். எண்ணெயைக் கூட்டினால் பளபளப்பு வரும், ஆனால் சுருங்கும், நாளாக ஆக மஞ்சள் தட்டும். வார்னிஷை முன்னாலேயே தடவினால் படம் பிற்பாடு வெடிக்கும். நானாகத் தேர்ந்துகொண்ட வழி, ப்ரைமருக்கு மேல் சாம்பல் எண்ணெய் வண்ணத்தை மிக மெல்லிதாகத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் தீட்டுவது. அதையும் மீறி மங்கும் இடத்தில் சுத்தமான ஆளிவிதை எண்ணெயை விரல் நுனியால் தடவி, பருத்தித் துணியால் முழுக்கத் துடைத்து எடுத்துவிடுவது. துடைத்த பிறகு விரலில் எண்ணெய் ஒட்டினால் அது அதிகம். ஐப்பசி அடைமழையில் பலகைகள் காயாமல் இழுத்தடிக்கும். அக்னி நட்சத்திரத்தில் மேல்தோல் முந்திக் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். எந்த மாதத்தில் எவ்வளவு நாள் என்பதைப் புத்தகம் சொல்லாது. நம் ஊர் வெயிலுக்கு நம் ஊர்க்காரன்தான் கணக்கு வைத்திருக்க வேண்டும்.

இப்போது பறவை ஓவியம் என்று நடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. யாரோ எடுத்த புகைப்படத்தை ப்ரொஜெக்டரில் போட்டு, நாலடி கேன்வாஸில் கோடிழுத்து, ட்யூபிலிருந்து பிதுக்கிய ஐவரி பிளாக்கை உடம்பு முழுக்கப் பூசுகிறார்கள். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவிலிருக்கும் தூரத்தை நம் கண் தாங்குகிற அளவுக்குப் புகைப்படம் தாங்காது. வானம் சரியாக விழ வேண்டுமென்றால் கரிச்சான் வெறும் நிழலுருவமாகிவிடும். முதுகிலிருந்த நீலமும் வயிற்றிலிருந்த மண்ணும் படத்தில் பதியவே இல்லை. பிறகு அதைப் பார்த்துத் தீட்டுகிறவனுக்கு எங்கிருந்து வரும்? அவன் கறுப்பைத்தான் பூசுவான். பார்க்கிறவர்களும் கரிச்சான் கறுப்புத்தானே என்று ஒப்புக்கொள்வார்கள். பார்க்காமல் தீட்டியதைப் பார்க்காதவர்கள் மெச்சுகிறார்கள்.

கணினியே வரைந்து தரும் படங்கள் இப்போது வாட்ஸப்பில் வருகின்றன. அவற்றில் செண்பகத்துக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. செண்பகத்துக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்பது தோட்டமுள்ள எந்தப் பாட்டிக்கும் தெரியும். பின்பக்கம் மடங்குவது முழங்கால் என்று நினைத்துக் கால் போட்ட நாரைகள் வேறு. அது கணுக்கால், முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது. ஓவியக் கண்காட்சிகளிலும் அந்தக் கால்கள் பரிசு வாங்குகின்றன. ஒவ்வொரு இறகின் இழையையும் எண்ணி எண்ணி வரைந்தால் "தத்ரூபம்" என்கிறார்கள். இருபதடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவையின் இறகிழை எந்த மனிதக் கண்ணுக்கும் தெரியாது. தெரியாததை வரைவது தத்ரூபம் ஆகுமா?

திருநெல்வேலியில் 1912-ல் பிறந்த இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன், தான் எழுதிய பறவைகளுக்குத் தானே கோட்டோவியம் போட்டார். வண்ணம் இல்லாத அந்தக் கோடுகளில் பறவையின் எடை இருக்கும், கிளை தாழ்வது தெரியும். காட்டிலும் வயல்வெளியிலும் வாழ்நாள் முழுக்க நின்று பார்த்த கை அது. அந்தக் கையை உண்டாக்க நம் பள்ளிக்கூடம் எதுவும் செய்வதில்லை. ஓவிய ஆசிரியராகவே காலம் கழித்தவன் என்பதால் சொல்கிறேன். பொதுத்தேர்வு நெருங்கினால் ஓவியப் பாடவேளை கணக்குக்குப் போய்விடும். வாரத்தில் மிஞ்சியது ஒன்று. அதிலும் பிள்ளைகள் வரைவது இரண்டு மலை, நடுவில் சூரியன், வானத்தில் ஆங்கில எம் எழுத்தாக நாலு பறவை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் நிஜக் கரிச்சான் உட்கார்ந்திருக்கும். அதைப் பாருங்கள் என்று பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனதற்கு நான் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

கற்றுக்கொள்ள வருகிறவர்களை நான் இன்றும் திருப்பி அனுப்புவதில்லை. கட்டணமும் வாங்குவதில்லை. நிபந்தனைகள் உண்டு. குளத்தங்கரையில் கைப்பேசி பையை விட்டு வெளியே வரக் கூடாது. முதல் மூன்று மாதம் வண்ணமே கிடையாது. காலும் விரலும் மட்டும் பென்சிலில். அதன்பிறகு ஒரு வருடத்துக்குக் கறுப்பு ட்யூப் வாங்கக் கூடாது. பெரும்பாலானவர்கள் விரல்களிலேயே நின்றுவிடுகிறார்கள். "சார், இதெல்லாம் யார் சார் கவனிக்கப் போறா?" என்று ஒரு பையன் கேட்டான். கவனிக்கிறவர்கள் குறைந்துபோனதால்தான் நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது என்றேன். அவன் மறுவாரம் வரவில்லை. வருகிற இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் தீட்டும் வயிற்றில் மண் தெரிய ஆரம்பித்திருக்கிறது.

பறவை ஓவியப் போட்டிகளுக்கு நடுவராக உட்காருகிறவர்களிடம் என் கோரிக்கை ஒன்றுதான். மதிப்பெண் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு காலை ஏதாவது ஒரு குளத்தங்கரைக்குப் போய், மின்கம்பியில் இருக்கும் கரிச்சானின் முதுகைப் பாருங்கள். பிறகு உங்கள் முன்னால் இருக்கும் படங்களை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வாருங்கள். அளவைப் பார்க்காதீர்கள், சட்டத்தைப் பார்க்காதீர்கள், இறகிழையை எண்ணாதீர்கள். எந்தக் கறுப்பில் வானம் இருக்கிறதோ அதற்குப் பரிசு கொடுங்கள். எதிலும் இல்லையென்றால் அந்த ஆண்டு யாருக்கும் பரிசு இல்லை என்று அறிவித்துவிடுங்கள்.