எங்கள் பிட்டர் சாருக்கு



தருமபுரிப் பக்கத்து அரசு ஐ.டி.ஐ.யில், பிட்டர் பிரிவில் இரண்டு வருடம் உங்களிடம் படித்தவன் எழுதுகிறேன். "இலவசம் கொடுத்தே கெடுத்துவிட்டார்கள், கைத்தொழில் கற்றுக்கொடுத்தால் போதாதா?" என்று கேட்கிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

கைத்தொழிலை நீங்கள் எப்படிக் கொடுத்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, அரத்தால் ராவி, ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கச் சொல்வீர்கள். இடுக்கில் கொஞ்சம் ஒளி கசிந்தாலும் மறுபடி ராவ வேண்டும். கால் எங்கே நிற்கிறது, முழங்கை எப்படி அசைகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்துவீர்கள். வெர்னியரில் 0.02 மில்லிமீட்டரை என் கண் பிடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றீர்கள்.

ஆனால் நான் அதிகம் நன்றி சொல்ல வேண்டியது நீங்கள் எங்களைத் தேடி வந்ததற்கு. வீட்டில் கஷ்டம் என்றால் பையன்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். சாயங்காலம் நீங்கள் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பீர்கள். திட்ட மாட்டீர்கள். யாருக்கு உடம்பு சரியில்லை, கடன் எவ்வளவு என்று கேட்பீர்கள். பஸ் பாஸ் மனுவை நீங்களே நிரப்புவீர்கள், உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு தொடங்கக் கூடவே வருவீர்கள்.

அந்த உதவித்தொகை மாதம் 750 ரூபாய். கட்டட வேலையில் இரண்டு நாளில் வந்துவிடும் காசு. அதோடு இலவச பஸ் பாஸும் சைக்கிளும் சீருடையும் சேர்ந்ததால்தான் நான் படித்து முடித்தேன். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவின் விதவை உதவித்தொகை 1000 ரூபாயும், விலையில்லா ரேஷன் அரிசியும் அடுப்பை எரியவைத்தன. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் நானும் பெங்களூர் பஸ் ஏறியிருப்பேன். தொழிலா உதவியா என்று எதிரெதிரே நிறுத்திப் பேசுவது தவறு என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

ஓசூரில் அப்ரண்டிஸாக இருந்துவிட்டு இப்போது ஒரு டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். வீட்டுக் கடனை அடைத்துக்கொண்டிருக்கிறோம். அரசுப் பள்ளியில் படித்து ஐ.டி.ஐ. சேரும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. 71 அரசு ஐ.டி.ஐ.களுக்குப் புதிய எந்திரங்கள் வந்திருப்பதும் நல்லதுதான். அவற்றின் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க உங்களைப் போல நிரந்தர ஆசிரியர்கள் வேண்டும்.

பயிற்சிக்கால உதவித்தொகையைக் கூட்டவும், ஆசிரியர் இடங்களைக் காலியாக விடாமல் நிரப்பவும் கேட்டுப் பழைய மாணவர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். மனுவோடு வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஒருமுறை படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள் சார்.


உங்கள் பழைய மாணவன்