சந்தாவும் கையொப்பமும்

வைட்ஃபீல்ட் இரயில் நிலையத்தில் எழுத்தராகப் பணியாற்றும் நாம், சென்ற மாதம் நம் சங்க இதழின் இரசீதுப் புத்தகத்தை அலுவலக மேசைமீது வைத்திருந்தோம். அஃது என்னவென்று வினவிய பீகார் நண்பரிடம் 'சந்தா' என்றோம். உடனே அவர் பத்து ரூபாயை எடுத்து நீட்டி, "எந்தக் கோயிலுக்கு?" என்றார். அருகிலிருந்த கன்னட நண்பரோ, "எத்தனை மாதத்திற்கு?" என்று கேட்டார். சொல் ஒன்று, கேள்வி இரண்டு!

பாரசீகத்திலிருந்து வந்த இச்சொல் இந்தியில் பெரும்பாலும் நன்கொடையைக் குறிக்கும். தமிழிலோ இதழுக்கு முன்கூட்டிச் செலுத்தும் தொகை சந்தா. சங்க உறுப்பினர் கட்டுவதும் சந்தா. நமது சம்பளத்தில் ஓய்வூதியத் திட்டத்திற்குப் பிடிக்கும் தொகைக்கும் அதுவே பெயர். தொலைபேசி வைத்திருப்பவரும் சந்தாதாரரே.

இதற்கு நேரான ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேருக்குக் 'கீழே எழுதுதல்' என்பது பொருள். நம் முன்னோர் இதனைக் 'கையொப்பம்' என்றே அழகாக வழங்கினர். கும்பகோணம் கல்லூரி ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன், அன்பர்களிடம் கையொப்பம் வாங்கியே அச்சுச் செலவிற்கு வழி தேடினார். அச்சேறாத நூலை நம்பிப் பெயரெழுதியவர்கள் அவர்கள்.

1906-இல் சென்னையில் தோன்றிய 'இந்தியா' வார இதழில் பாரதியார் விதித்த சந்தாவும் நினைக்கத்தக்கது. அரசாங்கத்தாருக்கு ரூ. 50, ஜமீன்தார், ராஜாக்களுக்கு ரூ. 30, மாதம் ரூ. 200-க்கு மேல் வருமானமுடையோர்க்கு ரூ. 15, ஏனையோர்க்கு ரூ. 3. எளியவனும் வாசகனாக வேண்டுமென்பது அதன் கருத்து.

இவ்வளவும் அறிந்த நாம் செய்தது யாது? மூன்றாண்டுகள் தவறாமல் சந்தா கட்டினோம். வந்த இதழ்களை உறை பிரியாமலே பரண்மேல் அடுக்கினோம். ஒருநாள் எட்டு வயது மகள் அக்கட்டை இறக்கி, "அப்பா, இவையெல்லாம் யாருக்கு வந்தவை?" என்றாள். உறைமீது தமிழில் இருந்தது நமது பெயர்தான். கன்னடமும் ஆங்கிலமும் தடையின்றிப் படிக்கும் அவளுக்குத் தந்தையின் பெயரைப் படிக்கத் தெரியவில்லை. நாம் தலைகுனிந்தோம். பீகார் நண்பர் பிழையாகப் புரிந்துகொள்ளவில்லை. நாம் கட்டியது நன்கொடையே!

சீசன் சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருந்தால் மட்டும் ஊர் போய்ச் சேர இயலுமா? வண்டியில் ஏறவும் வேண்டுமன்றோ?

இப்பொழுது இரவுப் பணியில்லாத நாள்களில் அவளோடு ஒரு பக்கமேனும் படிக்கிறோம். இவ்வாண்டுச் சந்தாப் படிவத்தில் நமது பெயருக்குக் கீழே தன் பெயரையும் அவளே எழுதினாள். ஓர் எழுத்துப் பிழையாயிற்று, நாம் திருத்தவில்லை.

அன்பர்களே, இம்மாத இதழின் உறையை உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் பிரிக்கட்டும்.