கிரியாட்டினின் யாருடைய உடம்பை அளக்கிறது?

நாம் எவ்வளவு காலம் வாழ்வோம் என்பதைக் கைரேகை சொல்லாது. ரத்த அழுத்தமும், ரத்தத்தில் உள்ள கிரியாட்டினினும், சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதமும் ஓரளவு சொல்லும். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறையக் குறைய மாரடைப்பும் பக்கவாதமும் நெருங்கி வருகின்றன. சிறுநீரக நோயாளிகளில் பெரும்பாலோர் டயாலிசிஸ் வரை போவதே இல்லை. அதற்கு முன்பே, பலருக்கு இதயத்தால், உயிர் போய்விடுகிறது.

இதில் சாதிக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா ஆகியோரின் ஆய்வு 2022-ல் வெளியானது. ஒன்பது மாநிலங்களில் 2 கோடிப் பேருக்கு மேற்பட்ட தரவுகள். உயர்த்தப்பட்ட சாதி இந்துக்களைவிட தலித்துகளின் ஆயுட்காலம் 3 ஆண்டுகளுக்கு மேல் குறைவு, பழங்குடியினருக்கு 4 ஆண்டுகளுக்கு மேல் குறைவு. பொருளாதார நிலை இந்த இடைவெளியில் பாதியைக்கூட விளக்கவில்லை. ஆக, 'ஏழைகள் சீக்கிரம் சாகிறார்கள்' என்று சொல்லி முடித்துக்கொள்ள முடியாது.

மீதி எங்கே இருக்கிறது? நாங்கள் வேலை செய்யும் காலனிகளில் தினமும் பார்க்கிறோம். செங்கல் சூளையில் கல் சுமக்கும் ஒரு அம்மா சொன்னார்: "தண்ணி குடிச்சா ஒதுங்கணும். ஒதுங்க எடம் எங்க கண்ணு இருக்கு?" அதனால் பகல் முழுக்கக் குடிப்பதில்லை. சாயங்காலம் உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் வலி மாத்திரை. நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை மேலும் குறைக்கிறது. ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் என்னவாகும்? மகாத்தில் பொதுக் குளத்துத் தண்ணீரை நாம் அள்ளிக் குடித்தது 1927-ல். வேலைத்தளத்தில் ஒரு குடம் தண்ணீரும் ஒரு கழிப்பறையும் இன்னும் கோரிக்கையாகவே நிற்கின்றன.

அளக்கும் கருவியையும் கேள்வி கேட்க வேண்டும். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. சரியான சாப்பாடு இல்லாமல் தசை வற்றியவருக்கு அது குறைவாகத்தான் இருக்கும். சிறுநீரகம் கெட்டிருந்தாலும் அறிக்கையில் 'நார்மல்' என்று வரலாம்.

அமெரிக்காவில் இதைவிட மோசம் நடந்தது. 2009-ல் வந்த கணக்கீட்டுச் சூத்திரம், கறுப்பினத்தவர் என்றால் வடிகட்டும் திறனை ஏறத்தாழ 16 விழுக்காடு கூட்டிக் காட்டியது. காகிதத்தில் சிறுநீரகம் நன்றாக இருந்தது. மாற்று அறுவைக்கான வரிசையில் பெயர் ஏறத் தாமதமானது. மருத்துவ மாணவர்களும் கறுப்பின மருத்துவர்களும் தொடர்ந்து கேள்வி கேட்டார்கள். 2021-ல் இனம் இல்லாத சூத்திரம் வந்தது. 2023 முதல், இழந்த காத்திருப்புக் காலத்தைக் கறுப்பின நோயாளிகளுக்குத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். எண் என்பது இயற்கையின் தீர்ப்பல்ல, மனிதர் எழுதியது, மாற்றி எழுதலாம் என்பதற்கு இது சாட்சி.

தமிழ்நாட்டில் வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்க்கும் திட்டம் 2021 முதல் இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் கூலிக்குப் போனவர் பகலில் வீட்டில் இருக்க மாட்டார். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லிக் கேட்போம். முகாம் நடத்தும் தோழர்கள் கிரியாட்டினினோடு நிற்காமல், சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதமும் பார்க்கச் சொல்லுங்கள். அது 30-ஐத் தாண்டினாலும், வடிகட்டும் திறன் 60-க்குக் கீழ் போனாலும், மூன்று மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். பிரஷர் 140/90-க்கு மேல் நின்றால் 'வயசாகிடுச்சு' என்று விடக்கூடாது.

வன்கொடுமையில் போன உயிரை நாம் எண்ணுகிறோம், வழக்குப் போடுகிறோம். முன்கூட்டியே போகும் இந்த மூன்று ஆண்டுகளுக்கு முதல் தகவல் அறிக்கை கிடையாது. அதையும் நாம்தான் எண்ண வேண்டும்.